ஆயிரம் மீட்டர் ஆழத்துக்குப் போகும் உப்புநீர்

திருவாரூர் பக்கம் பெண் கொடுத்திருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "சம்பந்தி வயலுக்குப் பக்கத்தில் எண்ணெய்க் கிணறு இருக்கிறது. அதன் கழிவுநீரைப் பூமிக்குள்ளேயே திருப்பி விடுவார்களாமே, போர் தண்ணீர் கெடாதா?"

நியாயமான பயம்தான். எண்ணெய் தனியாக மேலே வராது. பாறைக்குள் கிடந்த உப்புநீரையும் சேர்த்தே கொண்டுவரும். கிணறு பழசாக ஆக, எண்ணெய் குறைந்து தண்ணீர் கூடும்.

1986-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகள் இதற்கு அளவு வைத்திருக்கின்றன. சுத்திகரித்து நிலத்தில் விட்டால், லிட்டருக்குக் கரைந்த உப்பு 2,100 மில்லிகிராம், குளோரைடு 600 மில்லிகிராம் தாண்டக் கூடாது. கைவிட்ட கிணற்றுக்குள் செலுத்துவதானால், 1,000 மீட்டருக்குக் கீழேதான் விட வேண்டும். ஆனால் அப்போது பார்ப்பது எண்ணெய்ப் பிசுக்கையும் (10 மில்லிகிராம்) கரையாத தூசு துகளையும் (100 மில்லிகிராம்) மட்டுமே. உப்புக்கு வரம்பு கிடையாது.

ஆக, அந்த உப்புக்கும் நம் தண்ணீருக்கும் நடுவே நிற்பது ஆழமும், கேசிங் பைப்பும், அதைச் சுற்றிய சிமென்டும்தான். கேசிங் ஓட்டையானால் என்ன ஆகும் என்று போர் போட்டவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அமெரிக்காவில் இப்படிப்பட்ட கிணறுகளுக்கு 5 ஆண்டுக்கு ஒருமுறையாவது கசிவுச் சோதனை கட்டாயம். இங்கே சோதனை முடிவுகளைக் கிராமசபையில் வைத்தால்தான் சரி என்பேன்.

2017 ஜூன் 30 அன்று கதிராமங்கலத்தில் குழாய் கசிந்து வயலில் எண்ணெய் பரவியது. கண்ணுக்குத் தெரிந்தது, ஊர் திரண்டது. அடியில் கசிந்தால் அப்படித் தெரியாது. 2020-இல் வந்த வேளாண் மண்டலச் சட்டமும் புதிய கிணறுகளைத்தான் தடுக்கிறது. ஏற்கெனவே ஓடுபவற்றைத் தொடவில்லை.

எனவே சம்பந்தியை இப்போதே தண்ணீரைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். மோட்டாரை 15 நிமிடம் ஓடவிட்டு, அதே தண்ணீரில் பாட்டிலைக் கழுவி, ஒரு லிட்டர் பிடித்து, தேதி எழுதி மண் பரிசோதனை நிலையத்தில் கொடுக்கட்டும். மழைக்கு முன்னும் பின்னும், ஆண்டுக்கு இருமுறை. உப்பின் அளவும் குளோரைடும் திடீரென ஏறினால், பழைய, புதிய அறிக்கைகளோடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் மனு கொடுக்கலாம். டெல்டாவில் கடல்நீர் உள்ளே வந்தாலும் உப்பு ஏறும். பழைய அறிக்கை கையில் இல்லாவிட்டால், "அது கடல் உப்பு" என்ற ஒரே பதிலில் மனு நின்றுவிடும்.

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் எண்ணெய்க் கிணறு இல்லை. வற்றிய போர்கள் உண்டு. அதில் யாராவது சாயத்தண்ணீரோ சாக்கடையோ விட இடம் கேட்டால் கொடுக்காதீர்கள். அங்கே 1,000 மீட்டர் இடைவெளியெல்லாம் கிடையாது. பக்கத்துத் தோட்டத்துப் போருக்கு நேராகப் போய்விடும். தென்னை கொஞ்சம் உப்பைத் தாங்கும். மாமரம் தாங்காது, இலை நுனி கருகத் தொடங்கிவிடும்.