கரும்பு வெட்டப் போகும் குடும்பமும் கூடவே போகாத பதிவேடும்

தீபாவளி கழிந்ததும் மகாராஷ்டிரத்தின் நந்தூர்பார் மாவட்டத்து மலைக் குடியிருப்புகள் காலியாகத் தொடங்கும். சாத்புரா மலைத்தொடரில் வாழும் பில், பாவ்ரா பழங்குடிக் குடும்பங்கள் பல, கைக்குழந்தையையும் தூக்கிக்கொண்டு தெற்கு குஜராத்துக்குக் கரும்பு வெட்டப் போகின்றன. ஹோலிக்கு ஊர் திரும்புவோர் உண்டு. வெட்டு முடியும்வரை அங்கேயே இருப்போரும் உண்டு. அத்தனை மாதமும் குழந்தையின் பெயர் ஊர் அங்கன்வாடியில் இருக்கும். குழந்தையோ கரும்புத் தோட்டத்து ஓரம் கூடாரத்தில் இருக்கும்.

2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 35.5 சதவீதம் பேருக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை. பழங்குடிக் குழந்தைகளில் இது 40.9 சதவீதம்.

இடம்பெயரும் இந்தக் குழந்தைகளுக்குத்தான் செல்போன் செயலி உண்மையில் கைகொடுக்க முடியும். அங்கன்வாடிப் பதிவுகளுக்காக மத்திய அரசு 2021 மார்ச்சில் கொண்டுவந்த ‘போஷன் டிராக்கர்’ செயலியில் ஒரு குழந்தையின் பதிவை வேறு அங்கன்வாடிக்கு, வேறு மாநிலத்துக்கும்கூட, மாற்ற வழி இருக்கிறது. மகாராஷ்டிர அரசும் 2022-ல் இடம்பெயரும் தாய்மார், குழந்தைகளைப் பின்தொடர இணையவழி முறை ஒன்றை உருவாக்கியது. ஆனால் பதிவை மாற்றினால் மட்டும் போதாது. போன இடத்தில் அங்கன்வாடி ஊழியர் யாராவது அந்தக் கூடாரம்வரை நடந்து போயாக வேண்டும்.

போனவர் சரியாக அளக்கவும் வேண்டும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையைப் படுக்கவைத்து, தலையை ஒருவர் பிடித்துக்கொள்ள, மற்றவர் முழங்காலை நீட்டி அழுத்தி நீளம் பார்ப்பார். குழந்தை அழுது காலை மடக்கினால் நீளம் குறைவாகப் பதியும். அந்த நீளத்துக்கு இந்த எடை போதும் என்று செயலி கணக்குப் போட்டுவிடும். கடுமையாக மெலிந்த குழந்தை ‘இயல்பு’ பட்டியலில் சேர்ந்து, கிடைக்க வேண்டிய சிகிச்சையை இழந்துவிடும். மேல்கையின் சுற்றளவை அளக்கும் நாடா ஒன்றும் கூடவே இருந்தால் இந்தத் தவறைப் பிடிக்கலாம்: ஆறு மாதம் முதல் ஐந்து வயதுவரை, 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் ஆபத்து.

அளந்ததைப் பதியும் கருவி எது, யார் கையில் என்பதும் முக்கியம். அரசு தந்த செல்போன்கள் வேலைக்கு ஆகவில்லை என்று மகாராஷ்டிர அங்கன்வாடி ஊழியர்கள் 2021-ல் அவற்றைத் திருப்பிக் கொடுத்துப் போராடினார்கள். 2025 ஜூலை முதல் வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் சத்துணவுக்கு முக அடையாளச் சரிபார்ப்பும் கட்டாயமாகிவிட்டது. சிக்னலே எட்டாத மலைக் குடியிருப்பில், ஆதாரோடு இணைத்த செல்போனைக் கணவர் வெளியூருக்குக் கொண்டுபோயிருந்தால், பதிவுக்கான ஓடிபி தாய்க்கு எப்படி வரும்? குழந்தையைத் தேடிப் போக வேண்டிய கருவி, அதன் உணவை வாசலிலேயே நிறுத்திவைப்பது நியாயமில்லை.

அப்துல் கலாம் பெயரில் 2015-ல் மகாராஷ்டிரம் தொடங்கிய அமிர்த உணவுத் திட்டம் பழங்குடிக் குழந்தைகளுக்கு முட்டை அல்லது வாழைப்பழம் தருகிறது. கரும்பு வெட்டும் மாதங்களிலும் அந்த முட்டை குஜராத் கூடாரத்தில் கிடைக்க வேண்டுமானால், இரு மாநில அரசுகளும் உட்கார்ந்து பேசி, செலவு யாருடையது என்று முடிவு செய்தாக வேண்டும்.