அந்தமானில் ஏழு நாட்கள்

சென்னையிலிருந்து கப்பலில் சென்றால் ஏறத்தாழ மூன்று நாட்கள். விமானத்தில் இரண்டு மணி நேரம்தான். 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய போர்ட் பிளேரில் இறங்கினால், கடைவீதியில் தமிழ்க் குரல் கேட்கும்.

முதல் நாள் செல்லுலார் சிறைக்கு உரியது. 1906-ல் கட்டி முடிக்கப்பட்ட அதன் ஏழு பிரிவுகளில் இன்று மூன்றே நிற்கின்றன. அந்தத் தனிமைக் கொட்டடிகளைப் பார்த்துவிட்டு வருபவருக்குக் கடலும் வேறு விதமாகத் தோன்றும்.

அடுத்த நான்கு நாட்களை, 2018 முதல் ஸ்வராஜ் தீவு எனப்படும் ஹேவ்லாக்கில் கழிக்கலாம். நீச்சல் தெரியாதவரும் பயிற்சியாளர் துணையுடன் கடலில் மூழ்கிப் பவளப்பாறைகளைக் காணலாம். மாலையில் ராதாநகர் கடற்கரை மணலில் சும்மா உட்கார்ந்திருப்பதே சுகம். ஆறு மணிக்குள் பொழுது சாய்ந்துவிடும். ஆகவே விடியலிலேயே எழுவது நல்லது.

ஆறாம் நாள் பாராடங். அலையாத்திக் காட்டினூடே படகில் சென்று சுண்ணாம்புக் குகையை அடையலாம். ஆனால் சாலை வழியே செல்வோர் ஜாரவா பழங்குடியினரின் காப்புக் காட்டைக் கடக்க வேண்டும். வண்டிகள் காவலுடன் அணியாகவே விடப்படும். வழியில் நிறுத்துவதும், படமெடுப்பதும், தின்பண்டம் கொடுப்பதும் குற்றம். ஜாரவாக்கள் வேடிக்கைப் பொருள் அல்லர். அவர்களுடைய வீட்டு முற்றத்தின் வழியே போகிறவர்கள் நாம்தான்.

ஏழாம் நாளுக்கு எந்தத் திட்டமும் வேண்டாம். கடல் கொந்தளித்தால் படகு நின்றுவிடும். அப்போது அந்த ஒரு நாள் கைகொடுக்கும். கரையில் ஒதுங்கிய பவளத்தைக்கூட எடுத்து வர அனுமதியில்லை. பார்த்த நினைவு ஒன்றே போதும்.