பச்சை பாட்டிலில் ஒரு வெள்ளைப் புள்ளி

எண்ணெய் வண்ணத்தில் தீட்டிய பச்சைக் கண்ணாடி பாட்டிலைப் பார்த்து, "அப்படியே மின்னுதே!" என்று வியக்கிறோம். ஆனால் மின்னும் பொருள் எதுவும் அந்தக் கேன்வாஸில் கிடையாது. வெயிலில் வைத்த நிஜ பாட்டிலின் வளைவில் சூரியன் தெறிக்கும் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடியின் மேற்பரப்பு தன்மீது நேராக விழும் ஒளியில் சுமார் 4 சதவீதத்தையே திருப்பி அனுப்பும். ஆனாலும் அது சூரியனின் பிம்பம் என்பதால், அதே வெயிலில் கிடக்கும் வெள்ளைத்தாளைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் பிரகாசமாக இருக்கும். ஓவியரிடம் இருப்பதோ வெள்ளைத்தாளுக்கு நிகரான ஒரு வெள்ளை வண்ணம். அவருடைய வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வித்தியாசம் பொதுவாக 30 மடங்கைச் சுற்றியே நிற்கும். இவ்வளவு குறுகலான எல்லைக்குள் கண்ணாடி எப்படி அகப்படுகிறது? அடுத்தடுத்து நிற்கும் வண்ணங்களின் உறவிலிருந்து நம் கண்ணும் மூளையும்தான் அந்த ஒளியை உருவாக்கிக்கொள்கின்றன என்பேன்.

நிறத்தை இப்படிக் கேள்வி கேட்கும் மரபு பெங்களூருக்கு உண்டு. 1933இல் அங்குள்ள இந்திய அறிவியல் கழகத்துக்கு வந்து, 1948இல் தன் பெயரிலேயே ஆய்வு நிறுவனம் தொடங்கிய சி.வி. ராமன், வாழ்வின் கடைசிப் பத்தாண்டில் பூக்களின் நிறத்திலும் பார்வையிலும் மூழ்கினார்; பார்வையின் உடலியல் குறித்து 1968இல் தனி நூலே வெளியிட்டார். மூன்று அடிப்படை நிற உணர்வுகள் என்ற கொள்கையை அவர் ஏற்கவில்லை. அதில் பிற்கால ஆய்வுகள் அவர் பக்கம் நிற்கவில்லை. ஆனால் பொருளின் நிறத்தை நிறமாலையாகப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்ற பிடிவாதம் ஓவியருக்கும் உதவும். மஞ்சள் பூவிலிருந்து மஞ்சள் ஒளி மட்டும் வருவதில்லை; பச்சை முதல் சிவப்பு வரை எல்லாம் வருகிறது, நீலம்தான் பெரிதும் குறைகிறது. பாட்டிலின் பச்சையும் அப்படித்தான்: கண்ணாடியில் கலந்த இரும்பு சிவப்பிலும் நீலத்திலும் ஒரு பங்கை விழுங்கியபின் எஞ்சுவது அது. ஒரு மில்லிமீட்டர் கண்ணாடி பாதி ஒளியை விட்டால் இரண்டு மில்லிமீட்டர் கால்பங்கைத்தான் விடும். அதனால், ஒளி அதிகக் கண்ணாடியைக் கடந்து வர வேண்டிய பாட்டிலின் ஓரம் ஏறக்குறையக் கறுப்பு. நடுப்பகுதியில் பின்னாலிருக்கும் சுவரின் நிறமே பச்சை தோய்ந்து தெரியும். ட்யூபிலிருந்து ஒரே பச்சையைப் பிதுக்கிப் பூசினால் பாட்டில் பிளாஸ்டிக்காகிவிடும்.

கண்ணாடியையே வண்ணமாக்கினால்? அதையும் செய்து பார்த்திருக்கிறார்கள். 16, 17ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய ஓவியர்கள் கோபால்ட் கலந்த நீலக் கண்ணாடியை அரைத்து 'ஸ்மால்ட்' என்ற வண்ணமாகப் பயன்படுத்தினார்கள். கேன்வாஸில் அது வெறும் நீலப் பூச்சாகவே நின்றது. எண்ணெயில் நாளடைவில் சாம்பல் பூத்தும் போனது. கண்ணாடி இருந்தும் கண்ணாடித் தோற்றம் வரவில்லை.

உறவுதான் எல்லாம் என்றால் எண்ணெய் எதற்கு, நீர்வண்ணம் போதாதா என்று கேட்கலாம். போதும், நீர்வண்ணத்திலும் அருமையான கண்ணாடிகள் உண்டு. ஆனால் நீர் உலர்ந்ததும் வண்ணத் துகள்களிடையே காற்று புகுந்து ஒளியைச் சிதறடிக்க, அடர்நிறம் வெளிறுகிறது. ஆளிவிதை எண்ணெய் ஆவியாகிப் போவதில்லை. காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு சேர்ந்து இறுகி அங்கேயே தங்குகிறது. அதன் ஒளிவிலகல் எண் சுமார் 1.48, கண்ணாடியுடையது சுமார் 1.5. துகள்களிடையே காற்றுக்குப் பதில் இப்படியோர் எண்ணெய் நிற்பதால் ஒளி குறைவாகவே சிதறுகிறது, கருமை ஆழமாகிறது. ஆழமான கருமையின் பக்கத்தில் வைத்த புள்ளி கூடுதலாக ஒளிர்கிறது. இன்னொரு மறுப்பு கனமானது: ஒளிவிலகலைத் தப்பாக வரைந்தாலும் பார்ப்பவர்கள் கண்டுபிடிப்பதில்லையே, பிறகு இதில் என்ன அறிவியல்? பார்வை ஆய்வாளர் பேட்ரிக் கவானா 2005இல் எழுதிய கட்டுரையில், ஓவியங்களிலுள்ள பல இயற்பியல் பிழைகள் நம் கண்ணை உறுத்துவதில்லை என்று காட்டினார். என் வாதத்துக்கு இதைவிட வலுவான சான்று தேவையில்லை. பாட்டிலுக்குப் பின்னாலுள்ள மேசை விளிம்பு பாட்டிலுக்குள்ளும் நிறம் மாறித் தொடர்ந்தால் மூளை அதைக் கண்ணாடி என்று ஏற்கிறது; வளைவின் கணக்கை அது சரிபார்ப்பதில்லை. எந்தப் பிழையை மூளை மன்னிக்கும், எதை மன்னிக்காது என்பதைத் தூரிகையால் சோதித்தறிந்தவர்கள் ஓவியர்கள்.

பெங்களூர் குமாரகிருபா சாலையில் கர்நாடக சித்ரகலா பரிஷத் நடத்தும் சித்ர சந்தை என்ற ஓவியச் சந்தைக்குப் போகும் வாய்ப்புக் கிடைத்தால், சிறு துளையிட்ட அட்டை ஒன்றைக் கொண்டுபோங்கள். ஓவியத்துக் கண்ணாடியின் மின்னும் புள்ளியை மட்டும் துளை வழியே பாருங்கள். பிறகு அட்டையை எடுத்துவிட்டு முழுப் படத்தையும் பாருங்கள்.