நின்ற பாட்டு மீண்டும் ஒலிக்க

கைப்பேசியில் பாட்டுக் கேட்டுக்கொண்டே படிக்கும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. இடையே வேறொரு செயலியில் வீடியோ பார்க்கிறோம், பாட்டு நிற்கிறது. வீடியோ முடிந்த பின்னும் அது மீளாதது ஏன்? செயலி எழுதப் பழகும் நண்பர்களுக்காக இதனை விளக்க விரும்புகிறேன்.

கைப்பேசியின் ஒலி, மேடையிலுள்ள ஒரே மைக்கைப் போன்றது. இடையில் வாங்கியவர், 'முடித்துவிட்டேன்' என்று சொல்லித் திருப்பித் தந்தால்தான் முன்னவர் தொடர்வார்.

ஆண்ட்ராய்டில் இவ்வுரிமைக்கு 'ஆடியோ ஃபோகஸ்' என்று பெயர். அதனை நிலையாகக் கேட்டால், பாட்டுச் செயலி தன் வேலை முடிந்ததென ஓய்ந்துவிடும். தற்காலிகமாகக் கேட்டு, வீடியோ முடிந்ததும் துறந்தால், உரிமை அதனிடமே மீளும்.

ஐபோனில், முதலில் வீடியோவை நிறுத்த வேண்டும். பிறகே ஒலி அமர்வை மூட வேண்டும். வரிசை மாறினால் பிழை எழும். மூடும்போது 'பிறருக்கு அறிவி' என்னும் குறிப்பைச் சேர்க்காவிடில், பாட்டுச் செயலிக்குச் செய்தி எட்டாது.

ஒலியில்லா வீடியோவுக்கோ இவ்வுரிமையைக் கேட்கவே வேண்டியதில்லை. செய்தி பெற்றபின் பாடுவதும் பாடாதிருப்பதும் பாட்டுச் செயலியின் விருப்பம். ஆனால், இரவல் பெற்றதைச் சொல்லித் திருப்புவது நம் கடமையன்றோ?