கரையில் வாய், கடலுக்கடியில் வயிறு! எண்ணெய்க் கிணறு எத்தனை தூரம் படுத்துப் போகும்?

ஆனேக்கல்:

ஆனேக்கல், அத்திப்பள்ளி வட்டாரத்தில் திருச்செங்கோட்டு போர்வெல் வண்டி வந்து நின்றால் தெருவே கூடிவிடும். ஆயிரம் அடி தாண்டியும் வெறும் புழுதியே பறப்பதை நம்மவர்கள் பார்த்திருக்கிறார்கள். அந்தத் துளை நேர் கீழே போவது. எண்ணெய்க்காரர்கள் போடும் ஒரு வகைக் கிணறோ சிறிது தூரம் இறங்கி, மெல்ல வளைந்து, பிறகு படுத்தவாக்கில் மைல் கணக்கில் ஓடுகிறது. (தண்ணீருக்கும் இந்த வித்தை வந்துவிட்டால் இரு மாநிலத்துக்கும் இன்னொரு வழக்கு நிச்சயம்!)

இங்கிலாந்தின் தென்கரையில் விச் ஃபார்ம் என்ற எண்ணெய் வயல் உண்டு. கடலுக்கடியில் இருக்கும் பகுதியை எடுக்க, செயற்கைத் தீவு கட்டுவதாக முதலில் யோசனை. அதைக் கைவிட்டுக் கரையிலிருந்தே துளைத்தார்கள். எண்ணெய் இருந்த ஆழம் சுமார் ஒன்றரைக் கிலோமீட்டர்தான். 1998-ல் ஒரு கிணறு பக்கவாட்டில் போனதோ 10 கிலோமீட்டருக்கு மேல். 2011-ல் ரஷ்யாவின் சகாலின் தீவில் 12,345 மீட்டர் நீளக் கிணறு. 2022-ல் அபுதாபியில், செயற்கைத் தீவிலிருந்து 50,000 அடி!

கஷ்டம் எங்கே? கன்ட்யூட் குழாய்க்குள் வயர் தள்ளிய எலெக்ட்ரீஷியனைக் கேளுங்கள். நேர்க்கிணற்றில் குழாயின் எடையே துளைமுனையை அழுத்தும். படுத்த கிணற்றில் அந்த எடை அடிப்பக்கம் சாய்ந்து உராய்கிறது. தள்ளவும் முடியாது, திருகவும் முடியாது. உடைந்த கல்துகள் அடியில் மணலாகப் படிந்து குழாயைப் பிடித்துக்கொள்ளும். அதை வெளியேற்றச் சேற்றுக்குழம்பை வேகமாக அனுப்பினால் அழுத்தம் கூடிப் பாறை வெடிப்பு விடும். நீளம் கூடக் கூட அழுத்தம் ஏறுகிறது; ஆழம் கூடாததால் பாறையின் பலம் மட்டும் ஏறுவதில்லை. பல கிணறுகளுக்கு எல்லை போடுவது இந்தக் கணக்குதான்.

நம் நாட்டில் 1974-ல் 'சாகர் சாம்ராட்' கப்பல்மேடை கண்டுபிடித்த பம்பாய் ஹை, கரையிலிருந்து சுமார் 160 கிலோமீட்டர். அங்கே கரையிலிருந்து துளைக்கும் பேச்சுக்கே இடமில்லை. கடலில் நிற்கும் ஒரே மேடையிலிருந்து பல கிணறுகளைச் சாய்வாக, விசிறிபோல் அனுப்பலாம். ஒரு மேடை குறைந்தாலும் கோடிக்கணக்கில் மிச்சம்.

செலவு மட்டும் பார்த்தால் போதாது. 2020 மே மாதம், அஸ்ஸாமில் திப்ரு-சைகோவா தேசியப் பூங்காவுக்கு வெளியே நின்று அதன் அடியில் ஏழு கிணறுகள் துளைக்க ஆயில் இந்தியாவுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது. அதே மாதம் 27-ம் தேதி, பூங்காவுக்குப் பக்கத்தில் பாக்ஜானில் அதே கம்பெனியின் வேறொரு கிணறு பீறிட்டது. ஜூனில் தீப்பிடித்து, தீயணைப்பு வீரர் இருவர் மாண்டனர். அடங்க நவம்பர் ஆயிற்று.

நமக்கு உறைப்பது காவிரிப் படுகை. நரிமணம், கோயில்களப்பால் என்று எண்ணெய் எடுத்த ஊர்களுக்குப் பக்கத்தில்தான் நம்மில் பலருக்குச் சொந்த வயல். 2020 பிப்ரவரியில் வந்த தமிழ்நாட்டுச் சட்டம், பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலத்தில் புதிய எண்ணெய், எரிவாயுத் துளைப்புக்குத் தடை போட்டது. ஆனால் கடலடி எண்ணெய்க்கு உரிமம் தருவது மத்திய அரசு. கரையிலிருந்து கடலுக்குள் துளைக்கலாம் என்று நாளை ஒரு கம்பெனி வந்தால், பெரிய ரிக் நிறுத்த ஏக்கர் கணக்கில் மேடு, லாரி போக ரோடு, எண்ணெய் கலந்த சேறு தேக்கக் குழி, மூன்றும் நாகைக் கரையில்தான் வேண்டியிருக்கும்.