மென்பொருளுக்கு விலை குறித்தல்

நெல்லுக்கு விலை கூறுவது எளிது. உழுகூலி, வித்து, எரு, வண்டிச் சத்தம் என்பவற்றைக் கூட்டி, அதன்மேல் இலாபம் வைத்தால் விலை வந்துவிடும். மென்பொருளுக்கு அவ்வழி உதவாது. முதற் பிரதியை ஆக்க நெடுநாள் உழைப்பு வேண்டும். இரண்டாம் பிரதிக்கோ செலவு இல்லையென்றே சொல்லலாம். ஆகவே வாங்குபவன் அடையும் பயனைக் கொண்டே அதற்கு விலை குறித்தல் வேண்டும். நுட்பம் அறிந்தோர் பெரும்பாலும் இடறுவது இவ்விடத்திலேயாம்.

அமெரிக்காவில் 1979ஆம் ஆண்டு வெளிவந்த விசிகல்க் என்னும் மென்பொருளை நேயர்கள் நோக்குக. ஹாவாட் வர்த்தகக் கல்லூரி மாணவராயிருந்த டான் பிறிக்லினும், பொப் பிறாங்ஸ்டனும் ஆக்கிய கணக்குத்தாள் அது. ஓர் எண்ணை மாற்றினால் அதனைச் சார்ந்த எண்களெல்லாம் தாமே மாறும். கணக்கர் ஒருவர் அழித்தழித்து எழுதிக் கழிக்கும் மாலைப்பொழுது சில விநாடிகளாய்ச் சுருங்கியது. விலையோ ஏறக்குறைய 100 டொலர். அதனை இயக்க வேண்டிய ஆப்பிள் இயந்திரம் பன்மடங்கு விலையுடையது. அம்மென்பொருளுக்காகவே இயந்திரத்தை வாங்கினோர் பலர். பயனை விளைத்தவர் ஒருவர், பெரும்பணம் பெற்றவர் இன்னொருவர்!

1983 சனவரியில் மிற்ச் கப்போரின் லோட்டஸ் கம்பனி, ஐ.பி.எம். கணினிக்கென 1-2-3 என்னும் கணக்குத்தாளை விற்பனைக்கு விட்டது. விலை 495 டொலர். அஃது அசெம்பிளி மொழியில் எழுதப்பட்டமையால் மிக விரைவாக இயங்கிற்று. ஆயின் வங்கி முகாமையாளருக்கு அம்மொழியைப் பற்றி என்ன கவலை? கணக்கு, வரைபடம், தரவு ஆகிய மூன்றும் ஒன்றில் உண்டு என்பதைப் பெயரே கூறிற்று. பயிற்சிப் பாடமும் உடன்வந்தது. ஐயம் எழுந்தால் ஒரு விசையை அழுத்த விளக்கம் திரையில் தோன்றும். சாதாரண வியாபாரி புதுமையை நாடுபவனல்லன். தன் அலுவலகத்தில் குழப்பம் நேருமோ என அஞ்சுபவன். அவ்வச்சத்தைத் தீர்த்தமைக்கே அவன் பணம் கொடுத்தான். அவ்வாண்டில் அக்கம்பனியின் விற்பனை 53 மில்லியன் டொலரை எட்டியது.

அதே ஆண்டில் போர்லண்ட் கம்பனி, நிரல் எழுதுவோருக்கான டேர்போ பஸ்கல் என்பதை 49.95 டொலருக்குத் தபால்மூலம் விற்றது. அதுவும் தக்க விலையே. தம் சொந்தப் பையிலிருந்து பணம் எடுப்பவர்க்கு அவ்வளவுதான் இயலும். கம்பனிப் பணத்தில் வாங்குபவர் கேட்கும் கேள்வி வேறு: பழுதானால் யார் வந்து நிற்பார்?

1999இல் தொடங்கிய சேல்ஸ்போர்ஸ் கம்பனி முழு விலையை ஒருங்கே கேளாது, பயன்படுத்துவோர் ஒருவருக்கு மாதம் இவ்வளவு எனக் கட்டணம் குறித்தது. நிறுவும் வேலையும் பழுதுபார்க்கும் பொறுப்பும் விற்றவர் பக்கமே நின்றன.