மூக்கொவ்வாமைக்குத் தினக்குறிப்பு

சேதராப்பட்டு போன்ற நெல் விளையும் கிராமங்களில், போரடிக்கும் நாட்களில் சிலருக்கு அடுக்குத் தும்மலும், மூக்கில் நீர் வடிதலும், கண்ணரிப்பும் உண்டாகின்றன. இதை ஜலதோஷமென்றெண்ணிக் கஷாயம் அருந்துவர். சுரமின்றி வாரக்கணக்கில் நீடிப்பின் அது பெரும்பாலும் ஒவ்வாமையேயாம்.

காரணம் களத்துத் தூசியா, பார்த்தீனியத்தின் மகரந்தமா, வைக்கோற்போரின் பூஞ்சணமா என்பதை ஞாபகத்தைக் கொண்டு நிச்சயித்தலாகாது. தும்மல் சில நிமிஷங்களில் தோன்றும். மூக்கடைப்போ பல மணி நேரங்கழித்தும் வரக்கூடும். பகலில் சுவாசித்த தூசிக்கு இராத்திரி படுத்த பாயின்மேல் பழி விழும்.

ஆகையால் ஒரு நோட்டில் தேதி, மணி, வேலை செய்த இடம், காற்றின் திசை, அருகே பூத்திருந்த செடி, உண்ட மருந்து, 0 முதல் 3 வரை உபாதையின் அளவு ஆகியவற்றைக் குறித்தல் வேண்டும். உபாதையில்லாத நாளையும் எழுதுக. பலர் விட்டுவிடுவது இதைத்தான். அஃதின்றி ஒப்பிட வழியேது? எழுத்தறியாத ஆட்களுக்கு நிலத்துக்காரரே எழுதிக் கொடுக்கலாம். இங்கிலாந்தில் சார்லஸ் பிளாக்லி என்னும் வைத்தியர் தம் மூக்கையே சோதனைக்குட்படுத்தி, காற்றிலுள்ள மகரந்தத்தையும் எண்ணிக் குறித்து, புல்லின் மகரந்தமே தம் நோய்க்குக் காரணமென 1873-ல் நூலாக வெளியிட்டார்.

மூச்சிரைப்போ மார்பில் விசிலொலியோ கண்டால் நோட்டு நிரம்பும்வரை காத்திராமல், அதனுடன் கோரிமேட்டு ஜிப்மர் முதலிய ஆஸ்பத்திரிக்கு உடனே செல்க.